ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ்

ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் சென்னையில் வாழ்ந்த ஓட்டல் உரிமையாளர். தாமே வடிவமைத்த சிறு வானூர்தியை 1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பறக்கவிட்டவர். இந்தியாவில், ஒருவேளை ஆசியாவிலேயே, இயந்திர விசையால் நிகழ்ந்த முதற் பறப்பு இதுவாகலாம் எனச் சென்னை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். இவர் பொறியாளரோ படைவீரரோ அல்லர்.

சென்னை வாழ்க்கை

நெப்போலியன் பிறந்த கோர்சிக்காத் தீவைச் சேர்ந்த இவர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து இனிப்பு வகைகள் செய்வதிலும் விருந்து ஏற்பாட்டிலும் பெயர் பெற்றார். 1906இல் மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) தம் பெயரிலேயே ஓட்டல் ஒன்றைத் திறந்தார். அது அக்காலச் சென்னையின் உயர்தர விடுதிகளுள் ஒன்றாக விளங்கியது.

வானூர்தி

1909 சூலை 25 அன்று பிரான்சின் லூயி பிளேரியோ 25 குதிரைத்திறன் கொண்ட சிறு வானூர்தியில் ஆங்கிலக் கால்வாயைச் சுமார் 37 நிமிடங்களில் கடந்தார். இச்செய்தியே டி ஏஞ்சலிசைத் தூண்டியது. அவர் வடிவம் வரைந்து, அதைக் கட்டும் பணியைச் சிம்ப்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். குதிரை வண்டி கட்டும் நிறுவனம் வானூர்தி கட்டியது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய வானூர்தி என்பது மரச்சட்டம், இழுத்துக் கட்டிய துணி, கம்பி, இலேசான சக்கரங்கள் ஆகியவற்றின் தொகுப்பே. இவற்றுள் பெரும்பாலானவை வண்டி கட்டுவோரின் கைக்குப் பழகியவை. சிம்ப்சன் நிறுவனத்தார் 1903இலேயே நீராவிக் கார் ஒன்றையும் செய்திருந்தனர்.

இயந்திரம் பொருத்தப்பட்ட வானூர்தி முதலில் பல்லாவரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் தீவுத்திடலில் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குப் பறந்து காட்டப்பட்டது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்ற தென்னிந்தியாவின் முதல் இரயிலைக் கண்ட நகரம், 54 ஆண்டுகளில் வானூர்தியையும் கண்டது. கூட்டத்திலிருந்து ஒருவரைத் தம்முடன் ஏற்றிக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது.

முதன்மை குறித்த கேள்வி

டோக்கியோ, சைகோன், அலகாபாத் ஆகிய நகரங்களின் முதற் பறப்புகள் 1910 டிசம்பரில்தான் நிகழ்ந்தன. அதாவது சென்னை ஒன்பது மாதங்கள் முந்தியது. எனினும் இந்திய வான்பயண வரலாறு பெரும்பாலும் அலகாபாத்திலிருந்தே எழுதப்படுகிறது. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே அங்கிருந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டு சென்றார். அப்பறப்புக்கு அஞ்சல் முத்திரையே சான்றாக நிலைத்தது. டி ஏஞ்சலிசின் முயற்சியோ ஓர் ஆர்வலரின் தனி முயற்சி. நாளேட்டுச் செய்திகளின் வழியாகவே பிற்காலத்தில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

பொழுதுபோக்காக வானூர்தி கட்டும் வழக்கம் உலகெங்கும் தொடங்கிய காலமும் அதுவே. பிரேசில் நாட்டவரான சாண்டோஸ் டூமோன், தம் 'டெமுவாசெல்' என்னும் சிறு வானூர்தியின் வரைபடங்களை எவரும் கட்டிக்கொள்ளும்படி காப்புரிமை கோராமல் வெளியிட்டார். இன்றைய அமெரிக்க விதிப்படி, பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலர்களே செய்தால்தான் அது 'வீட்டில் கட்டிய வானூர்தி' ஆகும். கட்டும் பணியைச் சிம்ப்சனிடம் விட்ட டி ஏஞ்சலிஸ் இவ்விதிக்குள் அடங்கமாட்டார். ஆயினும் வரைந்தவரும் செலவிட்டவரும் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவரும் ஒருவரே என்பதால், அவ்வழக்கத்தின் தென்னிந்திய முன்னோடியாக அவரைக் கொள்வது தகும்.

சென்னையில் பொழுதுபோக்குப் பறத்தலுக்கென ஒரு கழகம் 1930இல்தான் அமைந்தது. டி ஏஞ்சலிசின் ஓட்டல் பிற்காலத்தில் கைமாறி, பொசொட்டோ ஓட்டல் என்ற பெயரில் நடைபெற்றது.