பண்டிட் கருப்பன்: நீரின்மீது கூடிய சபை

கல்வியைக் கண் என்று போற்றுவது நம் மரபு. ஆயினும் உடல் உழைப்பால் வாழ்ந்த எளியோர் பலருக்கு அந்தக் கண் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. கொச்சி சமஸ்தானத்தில் அந்நிலையை மாற்றத் தம் வாழ்வை அர்ப்பணித்தவர் பண்டிட் கே.பி. கருப்பன்.

1885-ஆம் ஆண்டு எறணாகுளத்தை அடுத்த சேரானல்லூரில், மீன்பிடித்தும் படகு வலித்தும் வாழ்ந்த வாலர் சமூகத்தில் அவர் தோன்றினார். இக்குழந்தை பெரும் கல்விமானாக விளங்கும் என்று கணித்த தமிழ்த் துறவி ஒருவரே கருப்பன் என்னும் பெயரைச் சூட்டியதாகக் கூறுவர். கொடுங்ஙல்லூரில் சமஸ்கிருதம் பயின்ற அவருடைய கவித்திறனைக் கண்ட கொச்சி மன்னர், மேற்படிப்புக்கு உதவினார். மேல்சாதிப் பெண்களின் பள்ளியில் அவர் ஆசிரியரானபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அதற்கு இணங்கவில்லை.

தாம் பெற்ற வித்தை தம்மோடு நின்றுவிடலாகாது என்று கருதினார் கருப்பன். பகலெல்லாம் வலை வீசுவோரும் வயலில் உழல்வோரும் பள்ளியைத் தேடி வர இயலாது. ஆதலின் அறிவை அவர்களிடமே கொண்டு சென்றார். காசியில் ஆதிசங்கரரை எளிய தம்பதியர் வடிவில் சிவனும் பார்வதியும் எதிர்கொண்டு, ஆன்மாவுக்குச் சாதி ஏது என்று உணர்த்திய கதையை ஜாதிக்கும்மி என்னும் பாடலாக்கினார். அது 1912-இல் அச்சேறியது. எழுத்தறியாதவர்களும் அதைச் செவிவழி கேட்டு மனனம் செய்தனர். வேதாந்தத்தின் உயர்ந்த தத்துவம் கும்மி மெட்டில் குடிசைகளுக்குள் நுழைந்தது.

உழைக்கும் மக்கள் கூடிக் கற்கவும், தூய்மையும் ஒழுக்கமும் பேணவும், மூடப்பழக்கங்களை விலக்கவும் ஊர்தோறும் சபைகளை நிறுவினார். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே இடக்கொச்சியில் அமைந்த சபைக்கு ஞானோதயம் என்று பெயர்.

1913-இல் புலையர் சமூகத்தவர் ஒன்றுகூட முயன்றபோது, எறணாகுளத்தில் அவர்களுக்கு இடம் தருவார் எவருமில்லை. நிலம் மறுக்கப்பட்டால் என்ன, நீர் இருக்கிறதே என்று கருப்பன் வழி கண்டார். மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் இடையே விரிந்த காயலில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து, அதன்மேல் அவர்கள் கூடினர். காயல் சம்மேளனம் என்று வரலாறு அதனைப் போற்றுகிறது. கொச்சிப் புலையர் மகாசபையும் அவ்வாறே உருவாயிற்று.

1925-இல் கொச்சி சட்டசபையில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்த அவர், அவர்தம் கல்விக்காகத் தொடர்ந்து குரலெழுப்பினார். பிற்காலத்தில் மகாராஜா கல்லூரியில் மலையாளம் கற்பித்தார். 1938-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், எறணாகுளம் மாவட்டத்தில் சுமார் 20,000 தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று, எழுத்தறியாத முதியோர்க்கும் உழைப்பாளிகளுக்கும் எழுத்தறிவித்தனர். 1990-இல் அது பாரதத்தின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாயிற்று. சேரானல்லூரும் மட்டாஞ்சேரியும் அதனுள் அடங்கியவையே.

கற்க வருவோருக்குக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. வர இயலாதவரை நாடிச் சென்று, அவர் நிற்கும் இடத்திலேயே ஞானதீபம் ஏற்றுவது தவம். அத்தகைய தவத்தை இயற்றியவர் பண்டிட் கருப்பன்.