பிள்ளையின் கையையும் காலையும் படித்த அம்மையார்

ஞாயிறு பூசை நேரத்தில் உங்கள் மூன்று வயதுப் பிள்ளை வாங்கிலிருந்து இறங்கி, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக நடந்து, ஏறி, மறுபடியும் இறங்கும்போது உங்களுக்கு வெட்கமாயிருக்கும். சும்மா இரு என்று கையைப் பிடித்து இழுத்து இருத்துவீர்கள். பிள்ளை குழப்படி செய்யவில்லை, தனக்குரிய வேலையைத்தான் செய்கிறது என்று நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டு சொன்னவர் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. நம் நாட்டுப் பாலர் பாடசாலைகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் வரலாறோ நம்மில் பலருக்குத் தெரியாது.

மரியா மொன்ரிசோரி அம்மையார் 1870 ஆகஸ்ட் 31 இல் இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில் உரோமைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1896 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அதன்பின் மனநோய் வைத்தியசாலைகளில் அடைக்கப்பட்டிருந்த அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பார்க்கச் சென்றார். வெறும் அறை, தொடுவதற்கு ஒரு பொருளும் இல்லை. உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் நிலத்தில் விழுந்த பாண் துணிக்கைகளைத் தேடிப் பொறுக்கினர். காவற்காரி அதைப் பெருந்தீனி என்றாள். அம்மையாரோ, கைகளுக்கு வேலை கேட்கும் பசி என்று கண்டார். இத்தார், செகுவான் என்ற பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிப் படித்து, அவ்வழியில் அப்பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி கொடுத்தார்.

இக்காலத்தில் அவர் வாழ்வில் ஒரு துயரமும் நேர்ந்தது. உடன் பணியாற்றிய வைத்தியர் ஒருவருடன் கொண்ட உறவில் 1898 இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. குழந்தை நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. தாய் இடைக்கிடை போய்ப் பார்த்து வந்தார். மகன் நடை பழகிய ஆண்டுகளில் தாய் அவனோடு ஒரே வீட்டில் வாழவில்லை. ஊரார் பிள்ளைகளின் ஒவ்வோர் அசைவையும் அவர் பின்னாளில் எத்துணை கவனத்தோடு பார்த்தார் என்பதைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1907 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள். உரோமையின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோவில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பழுதாக்குகின்றனர் என்பதே கட்டட உரிமையாளரின் கவலை. அம்மையாரை அழைத்ததும் அதற்காகத்தான்! அவரோ கனத்த வாங்குகளை நீக்கி, பிள்ளைகளே தூக்கி வைக்கக்கூடிய சிறு கதிரை மேசைகளைச் செய்வித்தார்.

தம் இல்லமொன்றின் முற்றத்தில் அவர் கண்ட காட்சியைக் கேளுங்கள். ஆசிரியை பிள்ளைகளை வரிசையாக நடத்திச் செல்கிறார். இரண்டரை, மூன்று வயதுக் குஞ்சுகள் களைத்துப்போய் வரிசையை விட்டு விலகுகின்றன. இருப்பதற்குக் கதிரைகள் இருந்தும் அவை இருக்கவில்லை. தோட்டத்தைச் சுற்றியிருந்த கம்பி வேலிக்கு ஓடி, மேற்கம்பியைக் கையால் பிடித்து, கீழ்க்கம்பியில் காலை வைத்து, பக்கவாட்டாக நகர்கின்றன. வேறொருவராயின் வேலி பழுதாகும் என்று விரட்டியிருப்பார். அம்மையார் நின்று பார்த்தார். அவ்வயதில் உடம்பு நீளம், கால் குட்டை. உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கக் காலுக்கு இன்னும் வலுவில்லை. ஆனால் காலுக்குப் பயிற்சியும் வேண்டும். கை பாரத்தைப் பங்குபோட்டுக்கொண்டால் இரண்டும் நடக்கும். இதை எவரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உடனே அம்மையார் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற கம்புவேலி ஒன்றை விளையாட்டுக் கருவியாகவே அமைக்கச் செய்தார். கோவில் வாங்கைப் பிடித்து நடக்கும் உங்கள் பிள்ளையும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

அவர் கற்பித்த முறையும் எளியது. நிலத்தில் ஒரு கோடு. அதன்மேல் அடிமேல் அடிவைத்து நடக்கவேண்டும். பழகியபின் கையில் தண்ணீர்க் குவளை, அதன்பின் ஒலிக்காமல் கொண்டுபோகவேண்டிய மணி. தெறி போடவும் நாடா கட்டவும் துணிச் சட்டங்கள். ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தனர். மூக்கைப் பற்றி அவர்களை ஏசாதவர் இல்லை, பொறுமையாகக் காட்டிக்கொடுத்தவர்தான் இல்லை.

எழுத்தும் கையிலிருந்தே வந்தது. சொரசொரப்பான கடதாசியில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவினர். நம் முன்னோர் மணலில் விரல்பிடித்து எழுதுவித்ததும் இதற்குத் தூரமில்லை. 1907 மார்கழியில் ஒருநாள் மாடித்தளத்தில் வெண்கட்டியால் புகைபோக்கி வரைந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், திடீரென எழுதவும் தொடங்கினான். அவன் முதலில் எழுதிய சொல் ‘கை’.

பின்வந்த விஞ்ஞானிகள் எல்லோரும் இவரோடு உடன்படவில்லை. 1929 இல் அமெரிக்காவில் கெசல் என்பவர் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் படியேறப் பழக்கினார். பழகாத குழந்தையும் சற்றுப் பிந்தி, குறுகிய பயிற்சியிலேயே அதை எட்டிப்பிடித்தது. வயது வந்தால் எல்லாம் தானே வரும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. அண்மைய ஆய்வுகள் மறுபடி பயிற்சியின் பக்கம் திரும்பியுள்ளன. நடை பழகும் குழந்தை சுதந்திரமாக விடப்பட்டால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2,400 அடி எடுத்துவைத்து 17 தடவை விழுகிறது என்று நியூயோர்க் ஆய்வாளர் 2012 இல் எண்ணிக் கூறினர். எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதிலும், புடைத்த எழுத்தைக் கையால் தடவியும் படிப்பது வாசிப்புக்கு உதவுகிறது என்று பிரான்சில் 2004 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனினும் கெசல் சொன்னதிலும் ஓர் உண்மையுண்டு. வயதுக்கு முந்திக் கட்டாயப்படுத்திப் பயனில்லை. அம்மையாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆயத்தமான பிள்ளைக்கு இடத்தைக் கொடுத்தார்.

ஸ்பெயினின் பார்சலோனாவில் பிள்ளைகளுக்கென்றே சிறு கோவில் அமைத்தபோது இப்பயிற்சி வேறொரு பயன் தந்தது. ஓசையின்றிக் கதிரையை நகர்த்தவும், எரியும் மெழுகுதிரியைச் சிந்தாமல் ஏந்தவும், முழந்தாளிட்டு எழும்பவும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்பத்துக்கான கோதுமையையும் இரசத்துக்கான திராட்சையையும் அவர்களே பயிரிட்டனர்.

1939 இல் அம்மையார் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மாரியோவைத் தடுப்பு முகாமில் அடைத்தது. அதுவரை உலகம் அவரை அம்மையாரின் பெறாமகன் என்றே அறிந்திருந்தது. ஆகஸ்ட் 31 இல் அம்மையாருக்கு எழுபது வயது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக இராசப்பிரதிநிதி தந்தி அனுப்பினார். அதில் மாரியோ மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார்.

1944 இல் இலங்கைக்கும் வந்து, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பயிற்சி வகுப்பில் முப்பது விரிவுரைகள் நிகழ்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், பிள்ளையின் முதல் மூன்று ஆண்டுகள்.

1952 மே 6 இல் ஒல்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் இறந்த அம்மையாரின் உடல் அங்குள்ள கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய மரண சாசனத்தில் மாரியோவின் பெயருக்கு முன் மகன் என்று எழுதப்பட்டிருந்தது.