ஆசிரியர்க்கு ஆசிரியர்: ஹாரல்ட் பாமர்

நல்லாசிரியர்க்குரிய இலக்கணம் வகுக்கப் புகுந்த பவணந்தி முனிவர், நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் அவர்க்கு உவமையாக எடுத்துக்கொண்டார். அத்தகைய ஒருவர், ஆசிரியத் தொழிலில் அமர்ந்த பின்னரும் தம் தொழிற்றிறனை ஆண்டுதோறும் வளர்த்துக்கொள்ளும் வகை யாது என்னும் வினா அந்நூலில் விரித்துரைக்கப்பட்டிலது. இவ்வினாவிற்கு, அயன்மொழியாகிய ஆங்கிலத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் திறத்து விடை காண்பதிற் பல்லாண்டு உழைத்தவர் ஹாரல்ட் எட்வர்ட் பாமர் என்பவர். பாமர் என்னும் அவர் பெயர் தமிழ்ச் செவிக்குக் கல்லாதவர் எனப் பொருள்பட ஒலிப்பது ஒரு வேடிக்கை. பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர் அவர் என்பதை நோக்க, அப்பெயர் ஒருவாற்றாற் பொருந்துவதாகவும் உள்ளது.

இவர் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் முதலிற் பள்ளியாசிரியராயிருந்தவர். பின்னர்க் கெண்ட் மாவட்டத்துக் கடற்கரையூராகிய ஹைத் என்னுமிடத்திற் குடியேறி, எழுதுபொருள் வாணிகமும் ஒரு சிறு செய்தித்தாளும் நடத்தினார். மைந்தரும் வளர்ந்தபின் அச்செய்தித்தாட் பணியிற் சில ஆண்டு தோள்கொடுத்தார். பதினைந்து வயதளவிற் பிரான்சு நாட்டுப் பூலோன் நகரிற் சில திங்கள் தங்கிப் பிரெஞ்சு மொழியைப் பேசுவோர் நடுவிலிருந்தே பயிலும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியது. அயன்மொழியொன்றைச் செவிவழியாகக் கற்பதன் இன்பத்தை அவர் முதன்முதல் உணர்ந்தது அங்கேயாதல் வேண்டும்.

1902-ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதினராய், அவர் பெல்ஜிய நாட்டு வெர்வியே நகரிற்குச் சென்றார். கம்பளி நெசவிற்குப் பெயர்போன அந்நகரில், பெர்லிட்ஸ் முறையைத் தழுவிய ஒரு மொழிப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை அவர்க்குக் கிடைத்தது. அம்முறையில் ஆசிரியர் மாணாக்கரின் தாய்மொழியில் ஒரு சொல்லும் சொல்லலாகாது. கற்பிக்கும் மொழியையே பொருளைக் காட்டியும் செயலை நடித்தும் விளக்கல் வேண்டும். ஆசிரியப் பயிற்சி சிறிதும் பெறாத இளைஞர் அம்முறையின் நன்மையையும் குறையையும் வகுப்பறையில் நின்றே கற்றுக்கொண்டார். விரைவில் அந்நகரிலேயே தமக்கெனப் பள்ளியொன்று நிறுவி, அதனையே ஆய்வுக்களமாக்கி, ஒரு முறையை ஆண்டு பார்த்து, குறைகண்டவிடத்து மாற்றி, மீண்டும் ஆண்டு பார்த்தார். 1904-ஆம் ஆண்டில் எலிசபெத் என்னும் அந்நாட்டுப் பெண்மணியை மணந்தார். 1907-ஆம் ஆண்டில் உலக ஒலியியற் கழகத்தில் உறுப்பினராய்ச் சேர்ந்ததும் அவர் வாழ்விற் குறிப்பிடத்தக்கது. இலண்டனில் ஒலியியல் கற்பித்துவந்த டானியேல் ஜோன்ஸ் என்பாருடன் தொடர்பு அதன் வழியே உண்டாயிற்று.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தினுட் புகுந்தது. எல்லைக்கு அணித்தாயிருந்த வெர்வியே முதற்கண்ணே பகைவர் வயப்பட்டது. பன்னிரண்டாண்டு உழைத்து வளர்த்த பள்ளியையும் உடைமைகளையும் கைவிட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மனைவியுடனும் மகளுடனும் பாமர் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். முப்பத்தெட்டு வயதில், பட்டமும் இன்றிப் பொருளும் இன்றி நின்ற அவரை, ஜோன்ஸ் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மொழி கற்பிக்கும் முறைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்ற அழைத்தார். சொற்பொழிவு கேட்க வந்தோர் ஆசிரியர். கற்பித்தவர் இப்பொழுது கற்பிப்போர்க்குக் கற்பிப்பவரானார்.

அவ்வுரைகளினின்று 1917-ஆம் ஆண்டில் மொழிகளை அறிவியல் முறையிற் பயிலுதலும் பயிற்றலும் பற்றிய பெருநூலொன்றும், 1921-ஆம் ஆண்டில் மொழிப் பயிற்சியின் அடிப்படைகளைக் கூறும் நூலொன்றும் வெளிவந்தன. குழந்தை தன் தாய்மொழியை இலக்கணம் அறியாமலே கற்பதற்குரிய இயற்கையாற்றல் வளர்ந்தோரிடத்தும் மறைந்து கிடக்கின்றது என்பதும், அதனை எழுப்புதல் ஆசிரியர் கடன் என்பதும் அவர் கொள்கை. ‘சப்ஸ்டிடியூஷன் டேபிள்’ என்று நம் பள்ளி ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் வரையும் கட்டங்களை நம்மிற் பலர் அறிவோம். ஒரு கட்டத்தில் எழுவாய் ஐந்து, அடுத்ததில் வினை ஐந்து, அதற்கடுத்ததிற் பொருள் ஐந்து எனப் பதினைந்தே சொற்களை நிறுத்தினால் நூற்றிருபத்தைந்து வாக்கியங்கள் பிழையின்றிப் பிறக்கும். இத்தகைய கட்டங்கள் நூறு கொண்ட நூலொன்றை 1916-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுப் பரப்பியவர் பாமரே என்பதை யான் இக்கட்டுரைக்கெனப் படித்தபோதுதான் அறிந்தேன்.

1921-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கல்வியறிஞர் சவயனகி மாசதரோ என்பார் இலண்டன் வந்தபொழுது பாமரைக் கண்டார். தம் நாட்டு மாணாக்கர் ஆண்டுகள் பல ஆங்கிலம் பயின்றும் ஓர் ஆங்கிலேயர் பேசுவதை உணரவும் அவர்க்கு விடைகூறவும் மாட்டாதிருப்பது அவர்க்குப் பெருங்கவலையாயிருந்தது. கப்பற்றொழிற் செல்வராகிய மட்சுகாடா கோஜிரோ பொருளுதவி செய்ய முன்வந்தார். 1922-ஆம் ஆண்டில் பாமர், ஜப்பானியக் கல்வி அமைச்சின் மொழித்துறை ஆலோசகராக டோக்கியோ சென்று சேர்ந்தார்.

ஆங்கு அவர் கண்டது என்னை? நடுத்தரப் பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு விடுகதைபோற் கற்பிக்கப்பட்டது. ஆங்கில வாக்கியத்தின் சொற்களுக்கு எண்ணிட்டு, ஜப்பானிய வாக்கியமுறைக்கேற்ப முன்பின்னாக மாற்றி, தாய்மொழியிற் பொருளுரைத்தலே பாடமாயிருந்தது. மேற்கல்வி நிலையங்களின் நுழைவுத் தேர்வும் அதனையே வேண்டிற்று. அத்தேர்வில் தம் மாணாக்கர் தோல்வியுற்றால் பழி ஆசிரியரையே சாரும். இனி, ஆசிரியர்தாமும் அம்முறையிலேயே பயின்றவர். அரிய நூல்களைப் படித்துணரும் ஆற்றல் வாய்ந்தோர் அவருட் பலர் இருந்தும், வாய்திறந்து ஆங்கிலம் பேச நாணினர். பேச்சை முதலாகக் கொண்ட ஒரு முறையை அவர்பாற் கொணர்ந்து, நாளை முதல் இதனைக் கையாளுக என்று ஆணையிடுவதாற் பயன் என்னை? மாணாக்கரைத் திருத்துமுன் ஆசிரியரைத் திருத்தல் வேண்டும் என்று கூறுவோர் எக்காலத்தும் உளர். பாமர் அங்ஙனம் இகழ்ந்துரையாது, ஆசிரியர் ஒன்றுகூடித் தாமே ஆராய்தற்கு ஓரிடம் வேண்டும் என்று கருதினார். அமைச்சின் ஆணைவழி தம் முறையைப் புகுத்த அவர் முயலாதது அவர் பெருமை என்றே யான் எண்ணுகின்றேன்.

இவ்வெண்ணத்தின் பயனாக 1923-ஆம் ஆண்டு மேத் திங்களில் ஆங்கிலம் கற்பித்தல்பற்றிய ஆராய்ச்சி நிலையம் டோக்கியோவில் நிறுவப்பட்டது. பாமர் அதன் தலைவரானார். நிலையம் பிறந்து நான்கு திங்களும் நிரம்பாமுன், செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், டோக்கியோவையும் யோகோஹாமாவையும் பெருநிலநடுக்கமும் அதன்வழித் தீயும் அழித்தன. வேறொருவராயின் தம் நாடு திரும்பியிருப்பர். போரால் ஒருமுறை எல்லாம் இழந்தவர்க்கு இஃது இரண்டாம் முறை வந்த சோதனை. அவர் அங்கேயே நிலைத்துப் பணியாற்றினார். 1924-ஆம் ஆண்டிலே முதல் ஆண்டு மாநாடும் கூடிற்று.

நிலையத்தின் வேலைகளை ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் தகும். உறுப்பினராய ஆசிரியர்க்கு ஒரு செய்தியிதழ் தொடர்ந்து அனுப்பப்பட்டது. தொலைவிலுள்ள சிற்றூர்ப் பள்ளியில் தனித்திருந்து கற்பிப்பவரும், தம்போன்ற பிறர் யாது செய்கின்றனர் என்பதை அதன்கண் படித்தறிந்தனர். பாமர் நாடெங்கும் சென்று உரையாற்றியும் மாதிரிப் பாடம் நடத்தியும் வந்தார். மொழிபயில்வார்க்கு வேண்டும் பழக்கங்களை அவர் ஐந்தாக வகுத்தார்: ஒலியைக் கூர்ந்து கேட்டல், கேட்டதை வாயாற் பின்பற்றல், சொற்களைத் தடையின்றித் தொடுத்துக் கூறல், ஒலியோடு பொருளைப் பிணைத்தல், அறிந்த வாக்கியத்தைப்போற் புதிது அமைத்தல். தொடக்க வகுப்பில் மாணாக்கர் வாய்திறவாது கேட்டிருக்கலாம். ஆசிரியர் எழுந்திரு, கதவைத் திற, நூலை எடு என்று ஏவ, அவர் செய்து காட்டினாற் போதும். இதற்கெனத் தம் மகளாருடன் சேர்ந்து 1925-ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதினார். இதிலுள்ள நுட்பம் யாதெனின், ஆசிரியர் பெரும் பேச்சாளராயிருக்க வேண்டுவதில்லை என்பதே. ஏவல் வாக்கியம் சிலவற்றை நன்கு ஒலிக்கப் பயின்றவர் முதல் வகுப்பை அச்சமின்றி நடத்தலாம். நடத்த நடத்த அவர் நாவும் திருந்தும். மாணாக்கர்க்கு வகுத்த பயிற்சி ஆசிரியர்க்கும் பயிற்சியாயிற்று.

ஆண்டு மாநாடுகளில் நாளடைவில் ஒரு மாற்றம் நேர்ந்தது. தொடக்கத்தில் பாமர் உரைக்க ஆசிரியர் கேட்டனர். பின்னர் ஆசிரியரே மேடையேறித் தம் பள்ளியிற் செய்து கண்டதைக் கூறலாயினர். இவற்றுட் புகுஷிமா நடுத்தரப் பள்ளியின் முயற்சி பெயர்பெற்றது. பெரிய வகுப்பு, குறைந்த நேரம், தலைமேல் தொங்கும் நுழைவுத் தேர்வு ஆகிய எல்லாப் பள்ளிக்கும் பொதுவான இடர்ப்பாடுகளுக்கிடையே, அப்பள்ளி ஆசிரியர் வாய்மொழி முறையைத் தம் நிலைக்கேற்பத் திருத்தியமைத்தனர். 1933-ஆம் ஆண்டு மாநாட்டில் அவர்கள் பாடம் நடத்திக் காட்டியபோது, இஃது ஆங்கிலேயர் ஒருவர்க்கே இயல்வது, நம்மால் ஆகாது என்றிருந்தோர் வாயடைத்துப் போயினர். பாமரின் பெருநூல்கள் அனைத்தினும் இவ்வொரு பாடம் மிகுதியாகச் சாதித்தது என்பது என் கருத்து.

இவர் பணிக்கு எதிர்ப்பும் இருந்தது. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு ஜப்பானியர் குடியேற்றத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது; ஆங்கிலத்தின்மேற் பலர்க்கு வெறுப்பு மூண்டது. 1927-ஆம் ஆண்டில் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் கற்பித்த பூஜிமுரா என்னும் பேராசிரியர், நடுத்தரப் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாய பாடமாக வைத்தல் ஆகாதென்று எழுதினார். பெரும்பாலான மாணாக்கர்க்கு என்றும் பயன்படாத ஒன்றிற்காக அவர்தம் இளமையும் உழைப்பும் வீணாகின்றன என்பது அவர் வழக்கின் சாரம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யான் இவ்வழக்கைப் படித்தபொழுது, பூஜிமுராவின் பக்கமே என் நெஞ்சம் முதலிற் சாய்ந்தது என்பதை மறைப்பானேன்? ஆயின் இருவரும் கண்ட நோய் ஒன்றே. ஐந்தாண்டு கற்றும் பயனில்லையாயின், பாடத்தை நீக்குக என்றார் ஒருவர். கற்பிக்கும் முறையை மாற்றுக என்றார் மற்றவர். இவ்வழக்கு இன்றும் நம் நாட்டிலும் தீர்ந்தபாடில்லை.

பாமரும் தம் கருத்திற் பிடிவாதமாய் நின்றவரல்லர். பேச்சிற்கே முதலிடம் தந்தவர், பள்ளிகளின் நிலையறிந்து, எளிய சொற்களாலாய வாசகங்களை அமைப்பதில் நாட்டஞ் செலுத்தினார். அதற்கு எச்சொற்களை முதலிற் கற்பிப்பது என்னும் ஆராய்ச்சி இன்றியமையாததாயிற்று. 1931-ஆம் ஆண்டில் மூவாயிரம் சொற்களைத் தேர்ந்து நிலையத்தின் வழி வெளியிட்டார். வங்காளத்து டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட், படிப்பே முதலில் வேண்டுமென்று வாதித்தவர். பேச்சே முதல் என்றவர் பாமர். அவ்விருவரும் 1934-ஆம் ஆண்டு நியூயார்க்கிலும் மறு ஆண்டு இலண்டனிலும் கூடிய அறிஞர் குழுவில் ஒருங்கமர்ந்து சொற்றொகுதி ஆய்ந்தனர். அதன் முதற்பயன் 1936-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்மேற் கட்டிய வெஸ்டின் இரண்டாயிரம் சொற்பட்டியல் 1953-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதனைக் காணப் பாமர் உயிரோடில்லை.

1936-ஆம் ஆண்டில் அவர் ஜப்பானை விட்டு நீங்கினார். பட்டமில்லாத அவர்க்கு டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் இலக்கியப் பேரறிஞர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. ஆயினும் பதினான்கு ஆண்டு உழைத்தும், நாட்டின் பெரும்பாலான பள்ளிகளிற் பழைய மொழிபெயர்ப்பு முறையே நிலவிற்று. நுழைவுத் தேர்வு மாறாதவரை ஆசிரியரின் ஊக்கம் ஓரெல்லைக்குமேற் செல்ல இயலவில்லை. இங்கிலாந்து திரும்பியபின் லாங்மன்ஸ் நூற்பதிப்பகத்தார்க்கு ஆலோசகராயிருந்து நூல்கள் எழுதினார். இரண்டாம் உலகப் போர் அவர் மைந்தரைப் பலிகொண்டது. அத்துயர்க்குப்பின் 1944-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிற்கு விரிவுரையாற்றச் சென்றவர், இடையில் நோயுற்றுத் திரும்பினார். 1949-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார்.

போர்க்காலத்து ஜப்பானில் ஆங்கிலம் பகைவர் மொழியாய்ப் புறக்கணிக்கப்பட, 1942-ஆம் ஆண்டில் நிலையம் தன் பெயரினின்று ஆங்கிலம் என்னும் சொல்லை நீக்கி, மொழிக்கல்வி ஆராய்ச்சி நிலையமாயிற்று. அதே ஆண்டில், பாமருக்குப்பின் ஆய்வுப்பணியை ஏற்ற ஹார்ன்பி என்பாரும் தோழர் இருவரும் தொகுத்த அகராதி டோக்கியோவில் அச்சாயிற்று. அது 1948-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பதிப்பாக மீண்டும் வெளிவந்து, இன்று நம் கல்லூரி நூலகத்திலும் நைந்த அட்டையோடு காணப்படும் மாணாக்கர் அகராதியாக வளர்ந்தது. அதன் வருவாயினின்று ஹார்ன்பி 1961-ஆம் ஆண்டில் அறக்கட்டளை நிறுவி, பல நாட்டு ஆங்கில ஆசிரியர் மேற்பயிற்சி பெற வழி செய்தார். டோக்கியோ நிலையமோ இன்றும் நடைபெறுகின்றது. பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பதிற் சிறந்து விளங்கும் ஆசிரியர்க்கு அது வழங்கும் பரிசு பாமர் பெயரைத் தாங்கியுள்ளது.