மேக்நாத் சாகா: நட்சத்திர ஒளியை வாசித்தவர், அகதிகளை மறக்காதவர்

கலவானப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது எங்கள் குடும்பம் வவுனியாவுக்குப் போனது. போர் எங்களை அங்கிருந்தும் பெயர்த்தது. அதனால்தானோ என்னவோ, நான் வாசித்த விஞ்ஞானிகளில் மேக்நாத் சாகாவே என் மனதுக்கு மிக நெருக்கமானவர்.

அவர் 1893 ஒக்டோபர் 6 அன்று டாக்காவுக்கு அருகே சியோரத்தலி கிராமத்தில் பிறந்தார். தகப்பன் சிறு பலசரக்குக் கடைக்காரர். எட்டுப் பிள்ளைகளில் சாகா ஐந்தாமவர். மேலே படிக்கப் பாடசாலை தூரத்தில் இருந்தது. அங்கிருந்த வைத்தியர் ஒருவர் தன் வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தார். பையன் மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தான் உண்ட பாத்திரத்தைத் தானே கழுவ வேண்டும் என்பதே நிபந்தனை. 1905 வங்கப் பிரிவினைப் போராட்டக் காலத்தில், ஆளுநர் வருகையைப் பகிஷ்கரித்ததற்காக டாக்காப் பாடசாலை அவரை வெளியேற்றியது, புலமைப்பரிசிலும் போயிற்று. கல்கத்தா விடுதியிலோ உயர்சாதி மாணவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுத்தார்கள்.

ஆய்வுகூடத்தில் ஒரு மூலகத்தைச் சூடாக்கினால் அதன் ஒளியில் அதற்கே உரிய கோடுகள் தோன்றும். அவைதான் அதன் அடையாள அட்டை. அதே கோடுகள் நட்சத்திர ஒளியிலும் இருந்தால், அந்த மூலகம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கோடுகள் ஏன் வேறுபடுகின்றன? வெப்பம் கூடும்போது அணுக்கள் இலத்திரன்களை இழக்கின்றன, அதனால் கோடுகளும் மாறுகின்றன என்று 1920இல் சாகா கணக்கிட்டுக் காட்டினார். வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் வெப்பநிலையே என்பது தெளிவானது. 1927இல் இலண்டன் றோயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள வெளியிலிருந்து வரும் சில மங்கலான கோடுகளை அமெரிக்கரான போல் மெரில் கண்டிருந்தார். அவை மூலக்கூறுகளின் கோடுகளாக இருக்கலாம் என்று 1937இல் சாகா எழுதினார். அவர் ஊகித்த சோடியம், பொற்றாசிய மூலக்கூறுகள் நிலைக்கவில்லை. ஆனால் மூலக்கூறுகளைத் தேட வேண்டும் என்ற திசை சரியானது. 2015இல், 60 காபன் அணுக்கள் கொண்ட ஓர் அயனை ஆய்வுகூடத்தில் கடுங்குளிரில் வைத்து அளந்தபோது, அத்தகைய சில கோடுகளுக்கு விடை கிடைத்தது. பெரும்பாலானவை இன்னும் புதிர்தான்.

1947 பிரிவினையில் சாகா பிறந்த கிராமம் இன்னொரு நாடானது. புகழின் உச்சியில் இருந்த அவர், கிழக்கு வங்க அகதிகளின் புனர்வாழ்வுக்காக உழைத்தார். 1952இல் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்று அங்கும் அவர்களுக்காகப் பேசினார். 1956 பெப்ரவரி 16 அன்று டில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார்.

அந்த வைத்தியர் இடம் கொடுத்திராவிட்டால் அவருடைய படிப்பு கிராமத்தோடு நின்றிருக்கும். எங்கள் தோட்டங்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் இடையில் படிப்பை விடும் பிள்ளைகள் பலருக்குக் குறைவது அறிவல்ல. தங்கிப் படிக்க ஓர் இடமும் ஒருவேளைச் சோறும்தான். அதைக் கொடுக்க நம்மால் முடியும், மாடு மேய்க்கும் நிபந்தனை இல்லாமலே.