செவிவழி வளர்ந்த பக்தி: கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்

பக்தி நெறியை ஒன்பது வகையாக வகுத்த பெரியோர், அவற்றுள் முதலாவதாக வைத்தது சிரவணம். இறைவனின் புகழைச் செவியாரக் கேட்டல் என்பது அதன் பொருள். பாடுதல்கூட அதற்கு அடுத்த படியிலேதான் வருகின்றது. திருவள்ளுவரும் கேள்விக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளார். பாடுபவருக்கு எவ்வளவு சாதனை வேண்டுமோ, கேட்பவருக்கும் அவ்வளவு வேண்டும் என்பதே இதன் கருத்து.

இராகலையின் பனி படர்ந்த விடியற்பொழுதுகளில், கோயில் ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டு லயங்களையும் தேயிலை மலைகளையும் எட்டும் முருகன் பாடல்களை அறியாத அடியார் நம்மில் எவருமிலர். அவற்றுள் தனித்து ஒலிக்கும் கம்பீரமான பெண் குரல் ஒன்று உண்டு. அக்குரலுக்குரியவரே கொடுமுடி கோகிலம் எனப் போற்றப்பட்ட கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். அன்னாரின் வாழ்க்கையை அறிந்தால் அக்குரலை இன்னும் ஆழமாகக் கேட்கலாம்.

காவிரிக் கரையில் மகுடேசுவரர் கோயில் கொண்டு விளங்கும் கொடுமுடித் தலத்தில் 1908ஆம் ஆண்டு அம்மையார் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கொடுமுடியும் பாலாம்பாளுமே அவர் பெயரின் முன்னெழுத்துக்களாக நிலைத்தன. வறுமை மிகுந்த குடும்பம். பிழைப்புக்காக அச்சிறுமி ரயில் வண்டிகளிலே பாடினாள். ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எப். ஜி. நடேச ஐயர் அக்குரலின் அருமையை உணர்ந்து நாடகத்துறைக்கு வழிகாட்டினார். இரைச்சல் மிகுந்த ரயிலிலும் ஒருவர் நின்று காது கொடுத்ததால்தான் தமிழுலகிற்கு ஒரு பெரும் பாடகி கிடைத்தார்.

அந்நாளைய நாடக மேடைகளில் ஒலிவாங்கி கிடையாது. பல நூறு பேர் கூடிய கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். ஆகவே நடிகர்கள் உச்ச சுருதியில், எழுத்தெழுத்தாக உச்சரித்துப் பாடப் பழகினர். நமது தோட்டங்களில் இரவு முழுவதும் திறந்த வெளியில் காமன் கூத்துப் பாடிய கலைஞர்களைக் கேட்டவர்களுக்கு இப்பயிற்சியின் கடுமை நன்கு விளங்கும். அம்மையாரின் குரல் அத்தகைய உலையிலே காய்ச்சி எடுக்கப்பட்டது.

அக்குரல் வளர்ந்ததில் நமது இலங்கைத் திருநாட்டுக்கும் பங்குண்டு. இளம் வயதிலேயே கொழும்பு மேடைகளில் நடித்துப் புகழ் பெற்ற அம்மையார், 1926இல் அங்குதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். கிட்டப்பாவின் குரலும் வானை எட்டும் குரலே. இருவரும் வள்ளியும் முருகனுமாகத் தோன்றிய வள்ளி திருமணம் நாடகத்தைக் காண மக்கள் திரண்டனர். 1927இல் இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர். எனினும் அவ்வாழ்வு மனத்தாங்கலும் பிரிவும் நிறைந்ததாகவே அமைந்தது. 1933 டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா தமது 27ஆம் வயதில் காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது 25. அன்று முதல் வெண்ணிற ஆடை உடுத்தி, எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியை இறுதிவரை காத்தார்.

1935இல் வெளியான நந்தனார் படத்தில் அவர் நடித்தபோதும் அவ்வுறுதி குலையவில்லை. ஏனெனில் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் அடியாரின் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அம்மையாருக்கு அப்படத்திற்காக ஓர் இலட்சம் ரூபா வழங்கப்பட்டமை அக்காலத்தில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது.

அவர் வாழ்ந்த காலமே ஒலிப்பதிவுக் கலை வளர்ந்த காலமுமாகும். 1925க்கு முன்னர் பாடகர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று பாட, அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறியது. பின்னர் ஒலிவாங்கியும் மின்சாரமும் அவ்வேலையை ஏற்றன. நிமிடத்துக்கு 78 தடவை சுழன்ற இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடுவதை அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டும். ஓரிடத்தில் பிழைத்தால் அந்தத் தட்டு வீண். மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டும். திரைப்படத்திலும் தொடக்க காலத்தில் நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாடினார். பிற்காலத்தில் கலையகத்தில் தனியே பாட்டைப் பதியும் முறை வந்த பின்னரும், பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் கூடி ஒருசேரவே இசைத்தனர். இன்றுபோல் ஒவ்வொரு வரியாகப் பாடி ஒட்டுவதற்கும், தவறிய சுருதியைக் கணினியால் திருத்துவதற்கும் அன்று வழியில்லை. இயந்திரம் குரலைக் காத்துத் தந்ததேயன்றி, குரலை உண்டாக்கித் தரவில்லை.

1953இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரித்த ஔவையார் படம் அம்மையாரைத் தமிழரின் உள்ளத்தில் ஔவைப் பிராட்டியாகவே அமர்த்தியது. 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். 1965இல் திருவிளையாடல், 1967இல் கந்தன் கருணை ஆகிய படங்களில் மீண்டும் ஔவையாராக வந்து முருகன் முன்னிலையில் பாடினார். இவ்விரு படங்களுக்கும் இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். 1969இல் வெளியான துணைவன் படத்தில் பாடியமைக்காக இந்திய அரசின் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. சென்னை மாநிலச் சட்ட மேலவையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். ரயிலில் பாடிய சிறுமி இத்தனை உயர்ந்தும் திருநீற்று நெற்றியும் எளிமையும் மாறாமலே 1980இல் இறைவனடி சேர்ந்தார்.

அம்மையாரின் பாடலைக் கேட்கும்போது மூன்று விடயங்களைக் கவனித்துப் பாருங்கள். முதலாவது, சொல்லின் கடைசி எழுத்தையும் அவர் விழுங்குவதில்லை. இரண்டாவது, பொருள் முடியும் இடத்திலேதான் மூச்சு எடுப்பார். மூன்றாவது, உச்சத்தில் நிற்கும்போதும் குரல் அலறலாகாது. அங்கேதான் உருக்கம் கூடும். கணவரை இழந்த துயரும், அதைத் தாங்கி நிற்கும் முருக பக்தியும் அவ்விடத்தில் ஒன்றாய்க் கேட்கும்.

இவையெல்லாம் நமது செவிக்கு எட்ட வேண்டுமாயின் ஒலிபெருக்கியை அளவோடு வைக்க வேண்டும். அதன் சக்திக்கு மேல் சத்தத்தைக் கூட்டினால் ஒலி உடைந்து, சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மலைநாட்டில் இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரம் செல்லும். 170 மீற்றருக்கு அப்பால் எதிர்மலை இருந்தால் பாடிய சொல் ஒரு செக்கனில் எதிரொலியாகத் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் விழும். சத்தம் கூடக்கூட இக்குழப்பமும் கூடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயுற்ற முதியவரும் படும் துன்பமோ வேறு. ஊர் முழுவதும் ஒலித்தும் ஒருவர் மனதிலும் பதியாத பாட்டினால் யாருக்கு என்ன பயன்?

ஒலிவாங்கி இல்லாமலே கொட்டகையை நிறைத்தவர் அம்மையார். அவர் குரலுக்கு நாம் கூட்டித் தரவேண்டியது எதுவுமில்லை. நாம் தரவேண்டியது நமது செவியை மட்டுமே. ஆகவே இவ்வாண்டுத் திருவிழா நாட்களில், பூசைக்கு முன் அன்னாரின் ஒரேயொரு பாடலையேனும் அளவான ஒலியில் வைத்து, பேச்சை நிறுத்தி, கைத்தொலைபேசியை ஒதுக்கி, சிறுவர் முதல் பெரியோர் வரை மண்டபத்தில் அமர்ந்து முழுமையாகக் கேட்போமாக. கேட்டலும் வழிபாடே. செவி திறந்த அடியார் அனைவருக்கும் வேலவன் அருள் கிட்டுவதாக.