மிக்கேல் கல்லூரி தந்த மயில்வாகனம்

எங்கட புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவர் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் சுவாமி விபுலானந்தர். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், கல்முனையில் படிச்சிட்டு மட்டக்களப்புக்கு வந்தார். நடத்தியவர்கள் இயேசு சபைக் குருமார். வந்ததோ சைவப் பிள்ளை. 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினார். பின்பு இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார்.

1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். அடுத்து இலண்டன் பி.எஸ்ஸி. 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே.

விஞ்ஞானம் படிச்ச மூளை தமிழுக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு அவருடைய யாழ் நூலே பதில். வழக்கொழிந்த யாழின் இசையை அதில் கணக்குப் போட்டே மீட்டெடுத்தார். 1947 யூனில் அந்நூல் அரங்கேறியது. யூலை 19இல் அவர் மறைந்தார்.

குருமாரிடம் பெற்ற கல்விக் கடனை ஊர்ப் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுத்தவர் அவர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அவரது சமாதியும் அங்கேதான். தம்பிமாரே, எங்கட பள்ளியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் போதும்; ஒருக்கா போய்ப் பாருங்க. நாம் பட்ட கடனும் அப்போது நினைவுக்கு வரும்.