தோத்ததையும் எழுதி வெச்ச டாக்டர்

கிராஃப்ல உட்காராத ரீடிங்கை அழிச்சிட்டு, உட்கார்ற மாதிரி ஒண்ணு எழுதின அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அப்படிச் செய்யாத ஒருத்தரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் வில்லியம் விதரிங். 1741-ல் இங்கிலாந்தின் வெலிங்டன் என்ற ஊரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது தாவரவியல் பாடமே அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஸ்டாஃபோர்டில் வேலை பார்க்கும்போது, பூக்களைப் படமாக வரையும் ஹெலினாவைச் சந்தித்தார். அவர் வரைவதற்காகச் செடி தேடி அலைந்ததில் செடிகள் மீதும் ஆசை வந்துவிட்டது. 1772-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

1775-ல் ஒரு குடும்ப வைத்தியக் குறிப்பு அவர் கைக்கு வந்தது. கால், வயிறு எல்லாம் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு, ஷ்ராப்ஷயரில் ஒரு பாட்டி ரகசியமாகக் கொடுத்துவந்த மருந்து அது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். ஆனால் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரே செடிதான் என்று விதரிங் கண்டுபிடித்தார்.

இங்கேதான் சிக்கலே. அந்தச் செடி விஷம். அளவு கொஞ்சம் கூடினால் வாந்தி வரும், பார்வை மஞ்சளாகும், நாடித் துடிப்பு குறையும், உயிரே போகலாம். முதலில் இலையைக் கஷாயமாகக் கொடுத்துப் பார்த்தார். வீரியம் ஒரே மாதிரி இல்லை. அதனால் செடி பூக்கும் பருவத்தில் இலையைப் பறித்து, உலர்த்திப் பொடியாக்கி, எடை போட்டுக் கொடுத்தார். குறைந்த அளவில் ஆரம்பித்து, கெட்ட அறிகுறி தெரிந்த உடனே நிறுத்தினார்.

பத்து வருஷம் கழித்து, 1785-ல், புத்தகம் போட்டார். அதில் அவர் சிகிச்சை கொடுத்த 163 பேரின் விவரம் இருக்கிறது. குணமானவர்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் பெயர் இன்னும் பெரிதாகியிருக்கும். ஆனால் பலன் கிடைக்காதவர்கள், இறந்துபோனவர்கள், தான் அளவு தவறிக் கொடுத்தவர்கள் எல்லாரையும் சேர்த்தே எழுதினார். அடுத்த டாக்டருக்கு எல்லை எங்கே என்று தெரிந்தது அதனால்தான். 1799-ல் விதரிங் இறந்தார்.

அந்த இலை எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. செல் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளும் ஒரு என்சைமை 1957-ல்தான் ஜென்ஸ் ஸ்கூ கண்டறிந்தார். அந்த என்சைமைத்தான் இந்த இலையின் சத்து தடுக்கிறது. அதனால் இதயத் தசைக்குள் கால்சியம் கூடி, துடிப்பு வலுவாகிறது. மருந்தாவதும் விஷமாவதும் அதே தடுப்புதான். வித்தியாசம் அளவில் மட்டுமே. இந்தச் செடி இனத்திலிருந்து எடுக்கும் டிகாக்சின் இன்றும் இதய நோயாளிகளுக்குத் தரப்படுகிறது.

அடுத்த தடவை "மூலிகைதானே, சைடு எஃபெக்டே கிடையாது"ன்னு யாராவது சொன்னா, ரெண்டு கேள்வி கேளுங்க. எவ்வளவு கொடுக்கணும்? யாருக்கெல்லாம் பலிக்கல?

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் இலைச்சாறு என்சைமைத் தடுக்குதாங்கிறதுதான். மூணாவது ட்ரயல் சுத்தமா சொதப்பிடுச்சு. அந்த ரீடிங்கை அழிக்கல. ரிப்போர்ட்ல அப்படியே இருக்கு. வைவால என்ன கேக்கப் போறாங்களோ, பார்ப்போம்!